பத்மினி வாங்கப் போகிறீர்களா? சில பயனுள்ள குறிப்புகள்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் ஆறு வருடமாக ஒரு பிரீமியர் பத்மினி குடியிருக்கிறது. 1987 மாடல், ஹேண்ட் கியர். "இதுக்கு ரெண்டு பவுன் எடுத்துப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிச் சொல்லிப் பக்கத்து வீட்டு மதினி ஓய்ந்துபோனார். இப்போது அவர் தம்பி மகனே பழைய கார் வாங்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டு வந்து நிற்கிறான். அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. ஓடுகிற காரை மட்டும் வாங்குங்கள். "சும்மா நிக்குதுக்கா, பேட்டரி போட்டா கிளம்பிரும்" என்று புரோக்கர் சொன்னால், பேட்டரியைப் போட்டுக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். அஞ்சு வருடம் சும்மா நின்ற காரில் பிரேக் சிலிண்டர் பிடித்திருக்கும், பெட்ரோல் டேங்க் உள்ளே துருவேறியிருக்கும், ரப்பர் என்று பெயர் உள்ள எல்லாமே விரலால் தொட்டால் உதிரும். விலை பாதிதான் என்று ஆசைப்பட்டு வாங்கினால், மீதிப் பாதியை இரண்டு மடங்காகக் கொடுப்பீர்கள்.

2. எந்தக் கார் என்பதில் ஆசையையும் சாமானையும் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் இன்னும் கைக்குக் கிடைக்கிற சின்னக் கார்கள் மூன்று வகை. பியட் 1100 டிலைட் 1964-இல் வந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. 1974-லிருந்து அதற்குப் பெயர் பத்மினி. 1089 சி.சி. எஞ்சின். 2000-ஐ ஒட்டி உற்பத்தி நிற்கும் வரை உள்ளே பெரிய மாற்றமில்லை. அதனால் ஒரு வருடத்துக் காரின் சாமான் இன்னொரு வருடத்துக் காருக்குப் பெரும்பாலும் உட்காரும். பம்பாயில் கருப்பு மஞ்சள் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. பழக்கமான மெக்கானிக்கும் சாமானும் இன்னும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. வண்டலூர் பக்கம் 1961-லிருந்து செய்தார்கள். பானட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் மட்கார்டும் சேர்ந்து திறந்துகொள்ளும், எஞ்சின் மொத்தமும் கண்முன்னே நிற்கும். டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. அதற்குப் பின் 1972-இல் கெஸல் வந்தது. இரண்டுமே அழகுதான், ஆனால் கதவு, லைட் வளையம், கண்ணாடி ரப்பர் என்று தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டும். முதல் காராக வேண்டாம், இரண்டாவதாக வாங்குங்கள்.

மூன்றாவது மாருதி 800. 1983 டிசம்பர் 14-இல் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 1986-இல் உருவம் மாறியது. அதற்கு முந்தைய முதல் உருவத்துக்குத்தான் இப்போது மவுசு. எஞ்சின் சாமான் கவலையே இல்லை. தகரம்தான் அப்பளம்.

1990-களில் டீசல் எஞ்சினோடு வந்த பத்மினி 137டி யாராவது காட்டினால், பார்த்துவிட்டு மோர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

3. காரின் விலை எவ்வளவோ, அதே அளவு பணம் தனியாக இருந்தால்தான் முன்பணம் கொடுங்கள். நகைக்கடனில் வாங்குகிற காரியம் இல்லை இது.

4. கேரளக் கார் விலை மலிவாகத் தெரியும். செங்கோட்டை தாண்டினால் வேறு மழை. அங்கே முப்பது வருடம் நனைந்த காரின் அடித்தளமும் கோவில்பட்டி, சாத்தூர்க் கரிசல் வெயிலில் காய்ந்த காரின் அடித்தளமும் ஒன்றாகாது. இங்கே பெயின்ட் வெளுத்திருக்கும், சீட் வெடித்திருக்கும்; அதெல்லாம் சுலபம். போதாததற்கு வெளிமாநிலக் காருக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்டிப் புது நம்பரும் வாங்க வேண்டும்.

5. காகிதம் சரியில்லாத கார் ஓசியில் வந்தாலும் வேண்டாம். தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று ஆர்.சி.யில் பாருங்கள். விட்டுப்போன மாதங்களுக்குத் தண்டம் உண்டு. அதை விற்பவர் கட்டட்டும். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றப்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் பெயருள்ளவர் காலமாகிவிட்டால் வாரிசு முதலில் படிவம் 31-இல் தன் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு விற்கட்டும். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுருவாங்க" என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஒரு மகன் துபாயில் இருப்பான்.

பழைய காரின் ஆர்.சி.யில் அடமானம் என்று ஏதாவது வங்கி பெயர் இருந்தால் படிவம் 35 கேளுங்கள். கடன் அடைத்து முப்பது வருடம் ஆனாலும் ஆர்.சி.யில் இருக்கிறவரை அது இருக்கிறதுதான்.

6. சேஸிஸ் நம்பரை நீங்களே பென்சிலில் எடுங்கள். நம்பர் அடித்த இடத்தில் ஒட்டிய தூசியையும் கிரீஸையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாக மேலே வரும். சின்ன வயதில் நாலணாவைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்த்தோமே, அதேதான். எஞ்சின் நம்பரையும் அப்படியே எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நான் முதலில் பேசி முடித்த காரில் எஞ்சின் நம்பர் இரண்டு இலக்கம் தள்ளி இருந்தது. எஞ்சினை எப்போதோ மாற்றிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். கொடுத்த முன்பணம் அஞ்சாயிரம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

7. ஐம்பது வருடம் தாண்டிய காரை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். 2021-இல் வந்த விதி. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான். காரில் காய்கறி வாங்கப் போகிற எண்ணம் இருந்தால் சாதாரணப் பதிவிலேயே இருந்துகொள்ளுங்கள்.

8. காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகம், மட்கார்டு விளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் அடி எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். கதவில் பட்டி இருந்தால் பொறுக்கலாம். பத்மினிக்குத் தனி சேஸிஸ் சட்டம் கிடையாது; பாடியே முதுகெலும்பு. கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற பெட்டியிலும் தரையிலும் துரு இருந்தால் முதுகெலும்பில் துரு. கால்மிதியைத் தூக்கிப் பார்க்க வெட்கப்படாதீர்கள். சாவியால் தட்டினால் 'டங்' என்று வர வேண்டும். 'பொத்' என்று வந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

9. காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே கிளப்பிவைத்திருக்கிறார்கள், குளிரில் அது என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் கருப்பாக இருந்தால் பரவாயில்லை. பால்கோவா நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. கிளப்பும்போது நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் கார்புரேட்டர் பெட்ரோலை அள்ளிக் கொட்டுகிறது, அது சின்ன வேலை.

10. ஓட்டிப் பார்க்க எங்கள் ஊரில் அருமையான அளவுகோல் உண்டு: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸும் லாரியும் நெருக்குகிற தேசிய நெடுஞ்சாலை, போய்ச் சேருமிடத்தில் ஆண்டாள் கோவில் பக்கத்து நெரிசல். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைச் சற்றே தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா, மூன்றாவது கியர் தானாகக் கழன்று வருகிறதா, நெரிசலில் ஊரும்போது ஹீட் முள் ஏறுகிறதா என்று எல்லாமே இந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கிற கார் நிறைய உண்டு. விற்பவர் வீட்டு வாசலில் அது தெரியவே தெரியாது.

11. வாங்கிய மறுநாளே பிரிக்காதீர்கள். இது நான் பட்டது. யாரோ சொன்னார்கள் என்று மொத்தமாகப் பெயின்ட் அடிக்க ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறையின் பெயர் வேண்டாம். கண்ணாடி, கதவு, சீட், லைட் எல்லாம் கழற்றி ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். பதினான்கு மாதம் கார் செங்கல் மேல் நின்றது. திரும்பி வந்தபோது கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி ஒன்றும், வைப்பர் கையும், டிக்கி எம்பளமும் இல்லை. சாக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன்: ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்து கார் மறுபடி ரோட்டில் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் அடுத்த நட்டைத் தொடுவது. ஆறு வருடத்தில் என் கார் நல்லானது இப்படித்தான். அந்தப் பட்டறைக்குப் பிறகு எந்த மாதத்திலும் அது ஓடாமல் நிற்கவில்லை.

12. கழற்றுகிற நட்டு போல்ட்டுக்கு பால்கோவா வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களைச் சேர்த்து வையுங்கள். 'முன் இடது கதவு', 'கார்புரேட்டர்' என்று மூடிமேல் எழுதி ஒட்டுங்கள். கழற்றும் முன் செல்போனில் நாலு படம். எந்த வயர் எங்கே போனது என்று நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள், இருக்காது.

13. வேலை வரிசை: பிரேக், டயர், வயரிங், தண்ணீர்ச் சுற்று, ஸ்டியரிங், எஞ்சின், சீட், கடைசியில் பெயின்ட். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய கார்களில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்தால் நாலிலும் பிரேக் போய்விடும். வாங்கிய வாரமே வாஷர், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக மாற்றிவிடுங்கள். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்; பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது.

14. மெக்கானிக்கைக் கண்டுபிடித்த பிறகு அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் அண்ணாச்சிக்கு எழுபது வயது. பியட்டின் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டு, "தாயி, மூணாவது பிளக் வேலை செய்யல" என்பார். கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற பையன்களுக்கு கார்புரேட்டர் பிடிபடாது, அவர்கள் மேல் குற்றமில்லை. அண்ணாச்சி வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுங்கள். பிளக் கழற்றித் துடைப்பது, பிளாட்டினம் தேய்த்து இடைவெளி வைப்பது, ஃபேன் பெல்ட் மாற்றுவது மூன்றையும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை பிளக் வயரை மாற்றிப் போட்டு பின்பக்கம் வெடிகுண்டு மாதிரி அடித்தது. 1-3-4-2 என்ற வரிசையை அன்றே பானட்டின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவைத்துவிட்டேன்.

15. சாமான் கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறைக்குப் போங்கள். மில் ஊரில் இருக்கிற சௌகரியம் அது. ஹேண்ட் கியரின் இணைப்புக் கம்பியில் புஷ் தேய்ந்து கியர் எங்கே விழுகிறது என்றே தெரியாமல் இருந்தது. பழைய புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினேன். டீ குடித்து வருவதற்குள் பித்தளையில் கடைந்து கொடுத்தார்கள். டைனமோ பழுதானால் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்ற சாமானுக்கு மதுரை, அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை.

16. துடைக்கிற துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மில்லில் இருந்து வருகிற காட்டன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது, கை துடைக்க, ஆயில் துடைக்க அதற்கு ஈடில்லை. கார்புரேட்டருக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நூல் ஜெட்டுக்குள் போனால் போதும், நடுரோட்டில் நிற்பீர்கள். உள்ளே பெட்ரோலால் கழுவி காற்றடித்தால் போதும். மில் ஓரத்தில் குடியிருப்பவர்கள் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டர் முகத்தையும் மாதம் ஒரு முறை பாருங்கள். பஞ்சு மெத்தை போல் படிந்திருக்கும்.

17. ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். டீப்பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். ஐப்பசியில் சுத்தமான மாடித் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி வைத்துக்கொண்டாலும் சரி.

18. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நம் காரின் ரப்பர் அதை அறியாது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். பெட்ரோல் வாசம் காருக்குள் வந்தால் அன்று கிளப்பவே வேண்டாம்.

19. சித்திரை வெயிலில் நன்றாக ஓடிவந்த கார் திடீரென்று திக்கித் திக்கி நின்றால், பெட்ரோல் பம்ப்பில் ஆவி கட்டியிருக்கும். ஈரத்துணியைப் பிழிந்து பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் நிழலில் நில்லுங்கள். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி இதற்கு வெகு வசதி, மெல்லிசு, தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். டிக்கியில் ஒரு சுருள் எப்போதும் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் காருக்கு அடிபட்டுவிட்டதோ என்று கேட்பார்கள்.

20. வாசலில் நிறுத்தினால் கோலம் போகும். என் கோலத்தின் மேல் கருப்புச் சொட்டு விழுந்த நாளெல்லாம் வீட்டில் ஒரு பேச்சு. ஆனால் அந்தச் சொட்டைத் துடைக்கும் முன் படியுங்கள். முன்பக்கம் கருப்பு என்றால் எஞ்சின் ஆயில். நடுவில் கெட்டியாக, மூக்கைத் துளைக்கிற வாடையோடு இருந்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, தண்ணீர் போல வழிந்திருந்தால் பிரேக் ஆயில், காரை நகர்த்தாதீர்கள். இப்போது அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைக்கிறேன், மாதம் ஒரு அட்டை. தேதி போட்டு ஒப்பிட்டால் கசிவு கூடுகிறதா குறைகிறதா என்று தெரிகிறது.

21. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, துரு பிடிக்கும். காடாத் துணியில் உறை தைத்துக்கொள்ளுங்கள். எலிக்கு அந்துருண்டை ஒரு வாரம்தான் பயன்படும். கொட்டகையில் அரிசி மூட்டை, தவிட்டு மூட்டை வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

22. நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். ட்ரம்முக்குள் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். ஆண்டாள் தேருக்குப் போடுகிறார்களே முட்டுக்கட்டை, அதுபோல சின்னதாக இரண்டு ஆப்பு தச்சரிடம் வாங்கிச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செருகுங்கள்.

23. வாரம் ஒரு நாள் ஓட்டுங்கள். கொட்டகையில் வைத்துப் பத்து நிமிடம் உறுமவிடுவது ஓட்டுவது ஆகாது. ஆயில் முழுச் சூட்டுக்கு வராது, டைனமோவும் அந்த வேகத்தில் பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. எங்களுக்கு ஞாயிறு காலை ஆறு மணி. அய்யனார் கோவில் ரோட்டில் மலையைப் பார்த்துப் போய்த் திரும்புவோம், ஆறேழு மைல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிங் பின்னுக்கும் மற்ற நிப்பிளுக்கும் கிரீஸ். ஆயில் 20டபிள்யூ-40, மினரல்.

24. லைட் மங்கினால் பல்பை மாற்றும் முன் எர்த் வயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் போடுங்கள். பத்துக்கு ஆறு தடவை அதுதான்.

25. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகக் கூடாது. முழுப் பாலிசி வேண்டும் என்றால் காரின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும். படங்களும் செலவு ரசீதுகளும் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

26. டிக்கியில் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், பிளாட்டினம், கண்டன்சர், இரண்டு பிளக், பத்து அடி வயர், தண்ணீர் ஐந்து லிட்டர், காற்று உள்ள ஸ்டெப்னி, டார்ச். மேலே சொன்ன பேண்டேஜ் துணி.

27. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, எவ்வளவு ஆனது. கடைசிப் பக்கத்தில் 'இன்னும் பார்க்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல். போன தைப்பொங்கலுக்கு என் பட்டியலில் ஒன்பது இருந்தது. இந்த வருடம் ஆறு வேலை முடித்திருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.